ரேம் போதவில்லை, சிப்பை மாற்றலாமா?

மேசையில் இப்போது இரண்டு போர்டுகள் இருக்கின்றன. ஒன்று போன வருடம் நான் சால்டர் செய்து முடித்த யூஸ்பாக்ஸ். இன்னொன்று அதே சர்க்யூட்டைப் பெரிய சிப்போடு சோதித்துப் பார்க்க பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் செருகிப் பார்க்கும் பலகை) கட்டியது. இரண்டு மாதமாக மனசு இவை இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. ஒருவழியாக முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவுக்கு வந்த வழி நான் நினைத்தே பார்க்காத ஒன்று, அதனால் எழுதி வைக்கிறேன். சொந்தமாகக் கன்சோல் கட்டிவிட்டு அடுத்து எதை மாற்றலாம் என்று கை துறுதுறுக்கும் யாருக்காவது பயன்படலாம்.

யூஸ்பாக்ஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2008-இல் வெளிவந்த திறந்தமூலக் கேம் கன்சோல் அது. உள்ளே ஏடிமெகா 644 என்ற 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர், அதில் 64 கிலோபைட் ஃபிளாஷ் (நிரலும் ஓவியங்களும் நிரந்தரமாக இருக்கும் இடம்), 4 கிலோபைட் ரேம். ஆர்ஜிபி சிக்னலை டிவிக்கு ஏற்ற கலர் சிக்னலாக்கும் ஏடி725 என்ற சிப் ஒன்று, சூப்பர் நின்டெண்டோ கன்ட்ரோலர் செருக இரண்டு சாக்கெட், கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். வீடியோவுக்கென்று தனி சிப் கிடையாது, சவுண்டுக்கும் கிடையாது. டிவியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அந்த மைக்ரோகன்ட்ரோலரே நேரம் தவறாமல் வெளியே தள்ளுகிறது. முதல்முறை படம் வந்தபோது நான் வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இத்தனை சின்ன சிப் இதைச் செய்கிறதே என்று.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் விளையாட்டு நான்கு அறைகள் கொண்டது, ஒரு அறை ஒரு முழுத் திரை. நாயகன் செங்கற்களை உடைத்துக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டும், எதிரிகள் குறுக்கே நடப்பார்கள். நாயகனும் ஒரு எதிரியும் இருக்கும்வரை எல்லாம் அழகாக ஓடியது. இரண்டாவது எதிரி வந்ததும் அவன் உடம்பில் பாதி காணாமல் போனது. மூன்றாவது எதிரியின் கால் மட்டும் தெரிந்தது.

உடனே எனக்குத் தோன்றியது ஏடிமெகா 1284பி. அதே 40 கால், அதே கால் வரிசை, பழைய சிப்பைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் செருகலாம். ஃபிளாஷ் 128 கிலோபைட், ரேம் 16 கிலோபைட். நான்கு மடங்கு ரேம்! இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்கியும் விட்டேன்.

பிரெட்போர்டில் செருகிப் பார்த்தால் திரையில் சாம்பல் நிறக் கோடுகள் மட்டும் ஓடின. சிப்பின் அடிப்படை அமைப்புகளான ஃபியூஸ் பிட்டுகளை மாற்றினேன், விளையாட்டை சிப்பில் ஏற்றும் சிறு நிரலான பூட்லோடரைத் திரும்பக் கம்பைல் செய்தேன் (இந்த சிப்பில் பூட் பகுதி 128 கிலோபைட்டின் கடைசியில் இருக்கிறது, அதனால் 644-க்கான பூட்லோடர் அப்படியே உதவாது), சிப்பே கெட்டுப்போனதோ என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நண்பரிடம் ஆசிலோஸ்கோப் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கிளாக் 9.54 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. வர வேண்டிய 28.63-இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. கிளாக்கின் துடிப்பைத் தருவது கிரிஸ்டல், பிரெட்போர்டில் நான் போட்டிருந்த புதுக் கிரிஸ்டல் மூன்றாம் ஓவர்டோன் வகை. சாதாரணமாக இரண்டு கெப்பாசிட்டரோடு செருகினால் அது தன் அடிப்படை அதிர்வெண்ணிலேயே ஆடும். வாங்கும்போது ஃபண்டமென்டல் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், மேலே அச்சிட்டிருக்கும் எண் இரண்டிலும் ஒன்றுதான்.

கிரிஸ்டலை மாற்றியதும் 1284 ஓடியது. டேட்டாஷீட்டில் இரண்டு சிப்புக்குமே 20 மெகாஹெர்ட்ஸ்தான் வரம்பு, நாம் 43 சதவீதம் மேலே ஓட்டுகிறோம். என்னிடம் உள்ள ஒரு சிப் ஓடியது என்பதற்காக எல்லா 1284-உம் ஓடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏன் இன்னும் வேகமாக ஓட்டக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு, அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 28.63636 என்பது ஆசைக்கு வைத்த எண் கிடையாது. என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் கலர் சிக்னலின் அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதைப் போல் எட்டு மடங்கு இது. அந்த விகிதத்தால்தான் டிவியின் ஒரு கோடு வரைய ஆகும் நேரம் சரியாக 1820 கிளாக் சுழற்சிகளாக வந்து விழுகிறது. படத்தையும் ஒலியையும் நடத்தும் அடிப்படை நிரலான கெர்னல் முழுக்க அந்த 1820-ஐ எண்ணி எண்ணி அசெம்ப்ளியில் எழுதியது. கிரிஸ்டலைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும்.

இந்த 1820 என்ற எண்தான் என்னைக் கணக்குப் போட வைத்தது. ஒரு ஃபிரேமுக்கு 262 கோடுகள். அதில் 224 கோடுகளில் படம் வரைவதிலேயே சிப் மூழ்கிக் கிடக்கிறது, 240 புள்ளி அகலத்துக்கு ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 6 சுழற்சி. மிச்சம் 38 கோடுகள், அதாவது 69,160 சுழற்சிகள், 2.4 மில்லிசெகண்ட். இசை கலப்பது, கன்ட்ரோலர் படிப்பது, எதிரி எங்கே போக வேண்டும் என்று பார்ப்பது, ஸ்பிரைட் (திரையில் நகரும் உருவம்) வரைவது என்று அத்தனையும் அதற்குள் முடிய வேண்டும். 1284 போட்டாலும் இந்த 69,160-க்கு மேல் ஒன்றுகூட அதிகம் கிடைக்காது. அதே கிளாக், அதே கோடு.

அப்புறம் ரேம் கணக்கு. திரை 30-க்கு 28 டைல் (ஒரு டைல் என்பது 8-க்கு 8 புள்ளிச் சதுரம்), அந்த வரைபடத்துக்கு 840 பைட். சவுண்ட் பஃபர் இரண்டு, ஒவ்வொன்றும் 262 பைட், மொத்தம் 524. ஸ்பிரைட் வேலை செய்யும் விதம்தான் இங்கே முக்கியம். முழுத் திரையையும் ரேமில் வைக்க 53,760 பைட் வேண்டும், நம்மிடம் இருப்பதோ 4096. அதனால் கெர்னல் ஒரு தந்திரம் செய்கிறது. ஸ்பிரைட் எந்தெந்த டைல்களின் மேல் விழுகிறதோ அந்த டைல்களை மட்டும் ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகல் எடுத்து, நகலின் மேல் ஸ்பிரைட்டை வரைந்து, அந்த இடத்தில் நகலைக் காட்டுகிறது. ஒரு நகலுக்கு 64 பைட். நான் 24 நகல்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தேன், அது 1536 பைட். மிச்சம் 1196 பைட்டில்தான் ஸ்டேக், மாறிகள், எல்லாம்.

என் நாயகனும் எதிரிகளும் 16-க்கு 16 புள்ளி. டைல் எல்லையோடு ஒட்டாமல் நின்றால் அப்படி ஒரு உருவம் அகலத்தில் மூன்று, உயரத்தில் மூன்று, ஆக ஒன்பது டைல்களைத் தொடும். 24-இல் இரண்டு ஒன்பது போனால் மிச்சம் ஆறு. இரண்டாவது எதிரியின் உடம்பு பாதியாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான், டைல் தீர்ந்துபோனது.

இப்போது 1284-ஐ இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். ரேம் தாராளம், 100 நகல்கூட வைக்கலாம். ஆனால் டைல் எண் ஒரே பைட், 0 முதல் 255 வரை, அதை ரேம் டைல்களும் ஃபிளாஷ் டைல்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 100 ரேம் டைல் என்றால் பின்னணி ஓவியத்துக்கு 156 டைல்தான். அடுத்து நேரம். ஃபிளாஷிலிருந்து ஒரு பைட் படிக்க 3 சுழற்சி, ரேமில் எழுத 2, ஒரு டைல் நகலுக்குக் குறைந்தது 320. ஒன்பது டைலுக்கு 2880. அதன் மேல் 256 புள்ளியை, எது வெளிப்படையான புள்ளி என்று சோதித்துச் சோதித்து வரைய வேண்டும். மற்ற வேலைகளையும் சேர்த்தால் ஒரு பெரிய உருவத்துக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் சுழற்சி போய்விடுகிறது. 69,160-இல் இசைக்கும் விளையாட்டு விதிகளுக்கும் கொடுத்தது போக, என் கணக்கில் எட்டு உருவம் வரை தாங்கும். இரண்டிலிருந்து எட்டு என்பது பெரிய முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு மடங்கு ரேமை வாங்கும்போது நினைத்தது போல் கதவு அகலத் திறக்கவில்லை, அந்தப் பக்கமும் ஒரு சுவர் நிற்கிறது.

ஃபிளாஷிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிளாஷைப் படிக்கும் சாதாரண எல்பிஎம் கட்டளை முதல் 64 கிலோபைட்டைத்தான் எட்டும். அதற்கு மேல் உள்ளதைப் படிக்க ராம்ப்இசட் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்து ஈஎல்பிஎம் பயன்படுத்த வேண்டும். அதுவும் 3 சுழற்சிதான், ஆனால் கெர்னலின் வரையும் பகுதியைத் திருத்தாமல் இரண்டாவது 64-இல் டைல்களைப் போட முடியாது. புரோகிராமை வைக்க அது தோதான இடம், டைலுக்கு இல்லை.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தியது வேறொன்று. 644-க்காக மற்றவர்கள் எழுதிய விளையாட்டுகளை நான் எஸ்டி கார்டில் போட்டு விளையாடுகிறேன். அவை 1284-இலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் நான் 1284-க்காக எழுதுவது அவர்கள் போர்டில் ஓடாது. 4 கிலோபைட்டுக்குள் எழுதியதால்தான் அவர்கள் விளையாட்டு என் வீட்டு டிவியில் ஓடுகிறது, என்னுடையது மட்டும் என் போர்டோடு நின்றுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. 1994-இல் சேகா மெகா டிரைவுக்கு மேலே செருகும் 32எக்ஸ் கருவியை விற்றது, வாங்கியவர்கள் குறைவு, அதற்கு வந்த விளையாட்டுகளும் குறைவு. நின்டெண்டோ 64-க்கு 1998-இல் வந்த எக்ஸ்பான்ஷன் பாக் ரேமை 4 மெகாபைட்டிலிருந்து 8 ஆக்கியது, அது இல்லாமல் ஓடவே ஓடாத விளையாட்டுகள் வெகு சிலதான், மற்றவை இருந்தால் பயன்படுத்திக்கொண்டன, இல்லாவிட்டாலும் ஓடின. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1993-இல் வந்த சூப்பர் எஃப்எக்ஸ் சிப். கன்சோலைத் தொடவே இல்லை, கூடுதல் சிப்பைக் கேசட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், வாங்கியவர் பழைய கன்சோலில் செருகினால் போதும்.

இந்த யோசனை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எஸ்பிஐ (சில கம்பிகளில் பிட் பிட்டாகத் தரவு அனுப்பும் இணைப்பு) ரேம் பக்கம் திரும்பினேன். 23எல்சி1024 என்ற எட்டுக் கால் சிப், 128 கிலோபைட், 5 வோல்ட்டிலேயே ஓடும், எஸ்டி கார்டு இருக்கும் அதே எஸ்பிஐ கம்பிகளில் தொங்கும், சிப் செலக்ட்டுக்கு மட்டும் ஒரு கால் தனியாக வேண்டும். 128 கிலோபைட் என்றதும் ஆகா, முழுத் திரையையும் இதில் வைத்துவிடலாமே என்று குதித்தேன். நடக்காது. எஸ்பிஐ நம் கிளாக்கில் பாதி வேகத்தில் ஓடும், ஒரு பைட் வர 16 சுழற்சி. 240 புள்ளிக்கு 3840 சுழற்சி, கோடே 1820-தான். 16 நிறமாகக் குறைத்து ஒரு பைட்டில் இரண்டு புள்ளி வைத்தாலும் 1920, அதுவும் மீறுகிறது. 160 புள்ளி அகலம், 16 நிறம் என்று இறங்கினால் உள்ளே அடங்கும், ஆனால் அது வேறு மாதிரி விளையாட்டுக்கு.

எனக்கு அது பயன்பட்டது வேறு இடத்தில். நான்கு அறைகளிலும் எந்தச் செங்கல் உடைந்தது என்று நினைவில் வைத்தாக வேண்டும், திரும்பி வந்தால் உடைத்தது உடைந்தபடியே இருக்க வேண்டும் இல்லையா. 120-க்கு 28 கட்டம், கட்டத்துக்கு ஒரு பிட் என்று 420 பைட் அதற்கே போயிருந்தது. இப்போது அறை வரைபடம் முழுவதையும், 3360 பைட்டையும், எஸ்பிஐ ரேமில் போட்டுவிட்டேன். அறை மாறும்போது 840 பைட் படிக்கிறேன், சுமார் 15,000 சுழற்சி, ஒரே ஃபிரேமின் இடைவெளியில் முடிந்துவிடுகிறது, கண்ணுக்கே தெரியவில்லை. மிச்சமான 420 பைட்டில் ஆறு ரேம் டைல் வந்தது. 24 இப்போது 30.

இந்த ரேம் இல்லாத போர்டில் என்ன ஆகும் என்றால், செங்கல் நினைவைப் பழையபடி உள்ளே வைத்துக்கொண்டு எதிரிகளைக் குறைத்து ஓட்டும்படி எழுதியிருக்கிறேன். தொடக்கத்திலேயே ஒரு பைட் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தால் ரேம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் எதிரிகளை உண்மையில் காப்பாற்றியது எந்தச் சிப்பும் இல்லை. ஒருநாள் இரவு அந்த ஒன்பது டைலையே பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டது: தரையில் நடக்கும் எதிரியின் கால் எப்போதும் டைல் எல்லையில்தானே இருக்கிறது? உயரத்தில் அவன் இரண்டு டைலைத்தான் தொடுகிறான், மூன்றாவதைத் தொடவே தேவையில்லை. சோதித்துப் பார்த்தால் நான் தரையை டைல் எல்லைக்கு இரண்டு புள்ளி கீழே வரைந்திருக்கிறேன், புல் அழகாகத் தெரிய வேண்டும் என்று. அந்த இரண்டு புள்ளியை மேலே ஏற்றினேன். ஒரு எதிரிக்கு ஒன்பது டைல் ஆறாகிவிட்டது. குதிக்கும் நாயகனுக்கு ஒன்பது, நடக்கும் மூன்று எதிரிக்குப் பதினெட்டு, மொத்தம் 27. மூவரும் முழு உடம்போடு நடக்கிறார்கள்! வரைய ஆகும் நேரமும் அதே அளவுக்குக் குறைந்தது.

மற்ற மாற்றங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சின்னவைதான், ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் உடனே தெரிபவை. எஸ்டி கார்டைப் படிக்கும்போதெல்லாம் படம் நடுங்கிக்கொண்டிருந்தது. சிப்பின் ஒவ்வொரு பவர் காலுக்கும் பக்கத்திலேயே 100 நானோஃபாரட், கார்டு சாக்கெட்டின் அருகில் 100 மைக்ரோஃபாரட் வைத்ததும் நின்றது. தள்ளி வைத்தால் பயனில்லை, கால் முளைக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். ஒலி ஒரு கோட்டுக்கு ஒரு சாம்பிள் என்ற கணக்கில் வருகிறது, அதாவது விநாடிக்கு 15,734. அதனால் 7.9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் வெறும் கீச்சொலி. நான் ஃபில்டரில் 1 கிலோஓம் ரெசிஸ்டரோடு 100 நானோஃபாரட் போட்டிருந்தேன், வெட்டு 1.6 கிலோஹெர்ட்ஸிலேயே விழுந்து, இசை போர்வைக்குள் இருந்து கேட்பது போல் இருந்தது. 22 நானோஃபாரடாக மாற்றினேன், வெட்டு 7.2-க்குப் போனது, மெட்டு துலக்கமாக வெளியே வந்தது. நிற ரெசிஸ்டர்களை 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக மாற்றியதில் சிவப்பின் எட்டுப் படிகளும் ஒழுங்காக ஏறுகின்றன. நீலத்துக்கு இரண்டு பிட்தான், நான்கு படிதான், அதனால் இந்தக் கன்சோலில் சுத்தமான சாம்பல் நிறம் அமையாது, லேசாக மஞ்சளோ நீலமோ தட்டும். அதை நான் மாற்ற நினைக்கவில்லை, எனக்கு அந்தச் சாயல் பிடித்திருக்கிறது.

எச்டிஎம்ஐ பற்றி யோசித்தேன். புதிய டிவிகளில் பல இந்த 262 கோட்டுச் சிக்னலை இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்று கோடாக வரும் படம்) என்று தப்பாக எடுத்துக்கொண்டு படத்தைக் குழப்புகின்றன, பொத்தானை அழுத்தியதற்கும் நாயகன் குதிப்பதற்கும் இடையே தாமதமும் வருகிறது. குதித்து விளையாடும் விளையாட்டில் அது வலிக்கும். அதற்கு வெளியே ஒரு மாற்றுப்பெட்டி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, போர்டுக்குள் எதையும் நுழைக்க வேண்டாம். எஸ்-வீடியோ சாக்கெட் போட இடம் இருந்தால் போட்டுவிடுங்கள், ஏடி725 அதை ஏற்கனவே தருகிறது, காம்போசிட்டைவிட எழுத்துகள் எவ்வளவோ தெளிவு.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஆர்பி2040-க்குப் போய்விடலாமே என்று நண்பர் கேட்டார். 2021-இல் வந்த சிப், இரண்டு கோர், 264 கிலோபைட் ரேம், என் திரையைப் போல் நான்கு முழுத் திரையை உள்ளே வைக்கலாம், டிவிஐ சிக்னலைக்கூட நேரடியாகத் தரும். அருமையான சிப், அதில் வேறொரு கன்சோல் கட்டுவேன். ஆனால் அது யூஸ்பாக்ஸுக்குச் செய்யும் மேம்பாடு ஆகாது, யூஸ்பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்குவது. புல்லை இரண்டு புள்ளி ஏற்றினால் ஒரு எதிரி கிடைப்பான் என்பது 264 கிலோபைட்டில் என் கண்ணில் பட்டிருக்காது, அந்த இரவின் சந்தோஷத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

ஆக, 644 அதன் சாக்கெட்டிலேயே இருக்கிறது, பக்கத்தில் எட்டுக் கால் சாக்கெட் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. 1284-ஐ பிரெட்போர்டிலேயே விட்டிருக்கிறேன், அதில் கெர்னலைத் தோண்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இப்போது எதிரிகள் கல் எறிய வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. 30-இல் 27 போக மூன்று டைல் மிச்சம். 8-க்கு 8 புள்ளிக் கல் சாய்வாகப் பறந்தால் நான்கு டைலைத் தொடும், ஒன்று குறைகிறது. டைல் வரிசையிலேயே நேராகப் பறந்தால் இரண்டு போதும். நேராகத்தான் எறியப் போகிறார்கள்.